தாலிப் பொன்னும் பாப்பர் மனுவும்

1934-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, மயிலாப்பூர் லஸ் முனைக்கு அருகிலுள்ள ஓர் ஆரம்பப் பாடசாலையின் முதல் வகுப்பு அறையில், ஏழைகள் வழக்குதவிச் சங்கம் வழக்கம்போலக் கூடியது. சாந்தோம் குப்பத்தைச் சேர்ந்த லூர்துசாமி என்பவரின் விதவையும் மீன் விற்றுப் பிழைப்பவருமான அந்தோணியம்மாள், தம் கணவருக்குச் சொந்தமான வீட்டைக் கணவரின் அண்ணன் சவரிமுத்து கைப்பற்றிக்கொண்டதாக அங்கே முறையிட்டார். அம்முறையீட்டை எழுதிக்கொண்டவர் சட்டக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவி சுலோச்சனா. சாட்சியாக உடனிருந்தவர் எவருமிலர்.

சங்கம் என்ற சொல்லைக் கேட்டு எவரும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை. சட்ட மாணவர்கள் மனு எழுதுவார்கள்; வக்கீல் ரகுபதி கையெழுத்திட்டு நீதிமன்றத்தில் பேசுவார்; ஏழைகளிடம் கூலி வாங்குவதில்லை. இவ்வளவுதான் சங்கம். ஜூன் மாதத்தில் மாணவர் பலர் உற்சாகமாகப் பெயர் கொடுத்தார்கள். பிறகு ஒருவனுக்கு டென்னிஸ் குறுக்கிட்டது. ஒருவனுக்குத் தியாகராய நகரில் புதிதாய் வாய்த்த மாமனார் வீடு குறுக்கிட்டது. மற்றவர்களுக்குப் பரீட்சை என்னும் பொதுக் காரணம் இருக்கவே இருந்தது. ஆகஸ்டு பிறந்தபோது சுலோச்சனா ஒருத்திதான் எஞ்சியிருந்தாள்.

தனித்திருப்பது அவளுக்குப் புதிதன்று. கல்லூரியில் அவளுக்கென்று ஆசிரியர் மேடையருகே தனி நாற்காலி போட்டிருந்தார்கள். அதை மரியாதை என்றே எல்லோரும் கருதினார்கள். அந்த மரியாதையின் பயனாக, சேர்ந்த நாள்தொட்டு வகுப்பில் ஒருவரும் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தாழ்வாரத்தில் அவள் வந்தால் பையன்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். வீட்டிலும் குறை சொல்வதற்கில்லை. அண்ணன் சுப்புராயன் கல்லூரிச் சம்பளத்தைத் தவறாமல் கட்டினான். அண்ணி அவளுக்குரிய சோற்றைத் தவறாமல் மூடிவைத்தாள். இருவரும் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கையில் அவள் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அதில் பகையில்லை. பி.எல். படிக்கும் பெண்ணிடம் எதைப் பேசுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

அன்று காலை அந்தோணியம்மாள் மீன்கூடையை வாசற்படியருகே இறக்கிவிட்டு, கதவோரத்தில் நின்று எட்டிப்பார்த்தாள். கறுத்து உயர்ந்த உடம்பு, நாற்பது வயதிருக்கலாம்.

“உள்ளே வந்து உட்காருங்க,” என்றாள் சுலோச்சனா.

“இன்னாது, ‘ங்க’வா?” அந்தோணியம்மாள் திரும்பி, தனக்குப் பின்னால் வேறு யாரேனும் நிற்கிறார்களா என்று பார்த்தாள். “யம்மா, என்னிய ‘ங்க’ போட்டுக் கூப்ட்ட மொத ஆளு நீதான். இனிமே கேஸு தோத்தாலும் பரவால்ல போ.”

குழந்தைகளுக்காகச் செய்த பெஞ்சில் அவள் உட்கார்ந்தபோது முழங்கால்கள் மோவாயைத் தொட்டன. அந்த நிலையில் இருந்தபடியே அவள் தன் கதையைச் சொன்னாள். மே மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை கடலுக்குப் போன கட்டுமரம் திரும்பிற்று. போன ஆள் திரும்பவில்லை.

“முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச கையோட சவரிமுத்து என் சட்டிபானையத் தூக்கிக் கருவாட்டுக் கொட்டாயில வெச்சிட்டான். ‘புள்ள இல்லாதவளுக்கு வூடு எதுக்கு’ன்றான். புள்ள பெத்தவனாம் அவன். அந்தப் புள்ளைங்க போட்ற கூச்சலுக்கு வூட்ட வுட்டு நானே ஓடியிருப்பேன், அது வேற விசயம். ஆனா அவன் வெரட்டி நான் போறதா?”

சுலோச்சனா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த பிறகு, எழுதும் நேரத்தில் சிரித்தது முறையன்று என்று தோன்றவே, பேனாவைத் திருத்திப் பிடித்துக்கொண்டாள்.

சட்டம் தெளிவாக இருந்தது. பிள்ளையில்லாமல் இறந்துபோன கிறிஸ்தவனின் சொத்தில் பாதி அவன் மனைவிக்கு உரியது. அந்தப் பாதியைப் பெற வேண்டுமானால் சிவில் கோர்ட்டில் வழக்குத் தொடுக்க வேண்டும். வழக்குத் தொடுக்க வேண்டுமானால் கோர்ட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். செலுத்த வகையில்லாதவர்களுக்குச் சட்டத்தில் ஒரு வாசல் உண்டு. அதற்குப் பாப்பர் மனு என்று பெயர். தன்னிடம் ஒன்றுமில்லை என்று நீதிபதி மனம் ஒப்பும்படி காட்டினால் கட்டணமின்றியே வழக்காடலாம்.

சுலோச்சனா எதையும் அரைகுறையாகச் சொல்ல மாட்டாள். விதியை முதலிலிருந்து கடைசிவரை விளக்கினாள். “உடுத்தற துணி போக வேற எது இருந்தாலும் மனுவில காட்டணும். நகை நட்டு இருந்தா கோர்ட்டுல, ‘அதை வித்துக் கட்டணம் கட்டு’ன்னு சொல்லிடுவாங்க. மனு நிக்காது.”

“குந்துமணிப் பொன்னு இருந்தாக்கூடவா?”

“குந்துமணி இருந்தாக்கூடத்தான்.”

அந்தோணியம்மாள் “சரி கண்ணு,” என்று எழுந்து கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறுகளில் அவள் காரியமிருந்தாலும் வந்தாள், இல்லாவிட்டாலும் வந்தாள். காலைப் பூசை முடிந்து, மீனை விற்றுவிட்டு, வெறுங்கூடையோடு வந்து அந்தச் சின்னப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். ஒரு நாள் இலையில் சுற்றிக் கருவாடு கொண்டுவந்தாள். சுலோச்சனாவின் வீட்டில் சைவம் என்று கேட்டதும் அவள் முகத்தில் உண்மையான துக்கம் தோன்றியது.

“மீனே துன்னது இல்லியா? பொறந்ததுலேருந்தா? ஐயோ பாவமே! அதான் இப்டி ஒடிஞ்சிக் கீற. ஏன் கண்ணு, உன்னோட படிக்கிற புள்ளைங்க யாரும் இந்தாண்ட வர்லியே, ஏன்?”

“அவங்களுக்கு வேலை.”

“உனுக்கு மட்டும் வேல இல்லியாக்கும்?”

திங்கட்கிழமை தொடங்கியே அடுத்த ஞாயிற்றுக்கிழமையைச் சுலோச்சனா நினைக்கத் தொடங்கியிருந்தாள். மேடையருகே தனி நாற்காலியில் அமர்ந்து, ஒப்பந்தச் சட்டத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, இதை அந்தோணியம்மாளிடம் சொன்னால் என்ன சொல்வாள் என்று எண்ணிக்கொள்வாள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் மனுவை எழுதி முடிக்க உட்கார்ந்தார்கள். பாப்பர் மனுவோடு, மனுதாரரின் சொத்து விவரமும் சேர்க்கப்பட வேண்டும். பாத்திரம், கூடை, பாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிய சுலோச்சனா, “பொன், வெள்ளி?” என்றாள்.

“இல்ல.”

“எப்பவுமே இருந்ததில்லையா?”

“தாலி இருந்துது. திருநா அன்னிக்கு மாதாவுக்குக் குடுத்துட்டேன்.”

“ஆகஸ்டு பதினைஞ்சாம் தேதி மாதா திருநாளா?”

“அதே.”

“அப்படிக் கொடுக்கறது உங்க வழக்கமா?”

“ஆமா. எங்க குப்பத்துல புருசன் பூட்டா, தாலிய மாதா காலடியில கொண்டாந்து வெக்கிறதுதான்.”

‘மனுதாரர் தம் திருமாங்கல்யத்தைக் குல வழக்கப்படி ஆகஸ்டு பதினைந்தாம் தேதி தேவாலயத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார்’ என்று சுலோச்சனா அழகிய கையெழுத்தில் எழுதினாள். கேட்கவேண்டிய கேள்வி இன்னும் ஒன்று இருந்தது. அதை அவள் கேட்கவில்லை. வழக்கம் என்று ஒன்று உண்டானால் அதற்கு உரிய காலம் என்றும் ஒன்று உண்டு. பூணூல் எந்த வயதில், காதுகுத்து எந்த மாதத்தில் என்று தன் தெருவின் வழக்கங்களையெல்லாம் அறிந்தவள், குப்பத்து வழக்கத்துக்கு மட்டும் காலம் எதுவும் இராது என்று எப்படியோ எண்ணிவிட்டாள். ரகுபதி மனுவை வாங்கி, எழுத்தின் அழகைப் பாராட்டி, படிக்காமலே கையெழுத்திட்டார்.

பாப்பர் மனுவை மனுதாரர் தம் கையாலேயே நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். செப்டம்பர் பத்தாம் தேதி இருவரும் மயிலாப்பூரில் டிராம் ஏறினார்கள். அந்தோணியம்மாள் குளித்து, பூசைக்குக் கட்டும் வெள்ளைப் புடைவை கட்டியிருந்தாள். அப்படியிருந்தும் கண்டக்டர் மூக்கைச் சுளித்தான்.

“இன்னா நைனா மோந்து பாக்குற? இன்னிக்கு வஞ்சிரம் இல்ல, நான் மட்டுந்தான்,” என்றாள் அவள். டிராம் முழுவதும் சிரித்தது. சுலோச்சனா தன் பக்கத்து இடத்தில் அவளை உட்காரவைத்துக்கொண்டு, தானும் சிரித்தாள். டிராமில் அவள் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

மனுவின்மேல் விசாரணை நவம்பர் பன்னிரண்டாம் தேதி நடந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. நீதிமன்றத் தாழ்வாரத்தில் ரகுபதி ஈரக் குடையோடு நின்று, சவரிமுத்துவின் எதிர்மனுவைப் படித்துக்கொண்டிருந்தார். சுலோச்சனாவைக் கண்டதும் தாளைத் தட்டிக் காட்டினார்.

“என்னம்மா, வழக்கப்படின்னு எழுதிண்டு வந்திருக்கே! அவா வழக்கம் என்னன்னு பாத்தியோ? புருஷன் போனதும் தாலியைக் கழட்டி முந்தானையிலே முடிஞ்சு வெச்சுக்கறது. வருஷ பூஜை அன்னிக்குத்தான் மாதாகிட்டே வைக்கறது. இவளுக்கு வருஷ பூஜை வர்ற மே மாசம். ஆகஸ்டிலேயே ஏன் வெச்சா?”

சுலோச்சனாவுக்குக் கேள்வியின் பொருள் தெரிந்தது. மனுக் கொடுப்பதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள், பாப்பராக வழக்காடும் பொருட்டு ஒருவர் தம் சொத்தைக் கைமாற்றியிருந்தால் மனுவைத் தள்ள வேண்டும் என்பது விதி. அந்த விதியை அவள் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டிருந்தாள்.

“இன்னும் அஞ்சு வாரம் பொறுத்துண்டு மனுப் போட்டிருந்தா இந்த விதி கிட்டவே வந்திருக்காது. நானும் படிக்காமக் கையெழுத்துப் போட்டேன். உன்னைமட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்?” ரகுபதி குரலைத் தாழ்த்தினார். “போய் அவகிட்டே சொல்லு. ஏதோ வேண்டுதல், திருநாளுக்குச் செலுத்தினேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போறும். வேண்டுதலை எந்த ஜட்ஜும் தோண்ட மாட்டார்.”

அந்தோணியம்மாள் தாழ்வாரத்தின் கோடியில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தாலிய வருஷப் பூசைக்குத்தான் கொடுக்கணுமாமே? ஏன் முன்னாடியே கொடுத்தீங்க?” என்று சுலோச்சனா கேட்டாள்.

“இன்னா கண்ணு இப்டிக் கேக்குற? நீதானே சொன்ன, குந்துமணி இருந்தாக்கூடக் கேஸு நிக்காதுன்னு. விக்கலாம்னு பாத்தேன், மனசு வர்ல. எப்பிடியும் அவகிட்ட போற பொருளு. முன்னாடியே போவட்டுமேன்னு வெச்சிட்டேன். தப்பா?”

‘குந்துமணி இருந்தாக்கூடத்தான்’ என்று தான் சொன்னது சுலோச்சனாவுக்கு நினைவு வந்தது. பிறகு, “வக்கீல் ஐயா, வேண்டுதல்னு சொல்லச் சொல்றாரு,” என்றாள்.

“நீ இன்னா சொல்ற?”

சுலோச்சனா ‘சொல்லுங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். ‘சொல்லாதீர்கள்’ என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் நாவில் எழவில்லை.

“வேதப் பொஸ்தகத்து மேல கைய வெச்சிக்கினு மாதா பேரச் சொல்லிப் பொய் சொல்றதா?” அந்தோணியம்மாள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். “வூடு கெடைக்கும். ராவானா அந்த வூட்டுல யாரு தூங்குவாங்க?”

சேவகன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

எதிர்த்தரப்பு வக்கீல் இளைஞர், நயமாகப் பேசினார். “உங்கள் குப்பத்தில் தாலியை எப்போது காணிக்கை வைப்பது?”

“வருசப் பூசைக்கு.”

“உன் புருஷனுக்கு வருஷப் பூசை ஆயிற்றா?”

“எப்பிடி ஆவும்? மே மாசம்தானே வருது.”

“அப்படியானால் ஆகஸ்டிலேயே கொடுத்ததேன்? மாதாவுக்கு அவ்வளவு அவசரமா?”

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரகுபதி நிமிர்ந்து பார்த்தார். அந்தோணியம்மாள் கூண்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

“மாதாவுக்கு இன்னா அவசரம்? எனக்குத்தான் அவசரம். பொன்னு கீதுன்னா கேஸு நிக்காதுன்னாங்க. அதான் குடுத்துட்டேன்.”

“யார் சொன்னது?”

சுலோச்சனா மாணவர்களுக்குரிய பெஞ்சில் தனியே உட்கார்ந்திருந்தாள். அந்தோணியம்மாளின் பார்வை அவள்மேல் வந்து, நிற்காமல் கடந்துபோயிற்று.

“சட்டம் சொல்லுதாம். ஊருக்கே தெரியும். உனுக்குத் தெரியாதா, வக்கீலு?”

இந்தத் தடவை நீதிபதியே புன்னகை செய்தார். அந்தப் புன்னகையோடேயே உத்தரவையும் சொன்னார். மனுதாரர் உண்மை பேசுகிறவர் என்பதில் தமக்கு ஐயமில்லை. மோசடி எண்ணம் அவரிடம் இருந்ததாகத் தாம் கருதவில்லை. ஆயினும், வழக்காடும் பொருட்டே சொத்தைக் கொடுத்ததாக அவரே ஒப்புக்கொண்டபின், விதியை மீறித் தாம் ஏதும் செய்வதற்கில்லை. பாப்பராக வழக்காட அனுமதி மறுக்கப்படுகிறது. 1935-ஆம் ஆண்டு ஜனவரி பத்தாம் தேதிக்குள் முழுக் கட்டணத்தையும் செலுத்தினால் இதே மனு வழக்காக ஏற்கப்படும்.

டிராமில் திரும்பி லஸ்ஸில் இறங்கும்போது அந்தோணியம்மாள் சுலோச்சனாவின் தோளைத் தொட்டு, “ஊட்டுக்குப் போயி சூடா எதுனா சாப்டு,” என்றாள். வீட்டில் சோறு மூடியிருந்தது, ஆறிப்போயிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தோணியம்மாள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. சுலோச்சனா பாடசாலை அறையைத் திறந்துவைத்துக்கொண்டு, கரும்பலகையில் யாரோ எழுதி அழிக்காமல் விட்டிருந்த அகரவரிசையைப் பார்த்தபடி பகல்வரை உட்கார்ந்திருந்தாள். வேறு வழக்குகளும் வரவில்லை. மழைக்காலத்தில் ஏழைகள் கோர்ட்டை நினைப்பதில்லை. ஒழுகும் கூரையை நினைக்கிறார்கள்.

டிசம்பரில் ஒரு நாள் மாலை அவளே சாந்தோம் போனாள். முதலில் கோயிலுக்குச் சென்று பங்குச் சாமியாரைக் கண்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாலி இன்னும் காணிக்கைப் பெட்டியில்தான் இருக்கிறதென்றும், கொடுத்தவளே வந்து கேட்டால் கொடுத்துவிடத் தமக்குத் தடையில்லையென்றும் சொன்னார். அதை விற்றால் கட்டணத்துக்குப் போதும். சுலோச்சனா மணலில் கால் புதையப் புதைய ஏறக்குறைய ஓடினாள்.

கருவாட்டுக் கொட்டகையின் வாயிலில் அந்தோணியம்மாள் அறுந்த கூடையைப் பின்னிக்கொண்டிருந்தாள். எதிரே, சற்றுத் தள்ளி, ஓட்டு வீடு. அதன் உள்ளிருந்து குழந்தைகளின் கூச்சல் கேட்டது. சுலோச்சனா மூச்சு வாங்கச் செய்தியைச் சொன்னாள்.

“குடுத்தத நானே போய்த் திருப்பிக் கேக்கறதா?” அந்தோணியம்மாள் கூடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வேணாம் கண்ணு.”

“சாமியாரே சரின்னு சொல்றாரு.”

“அவுரு சொல்வாரு. அவுரா குடுத்தாரு? நான்தானே குடுத்தேன்.”

“அப்படின்னா இதை எடுத்துக்குங்க.” சுலோச்சனா தன் கையிலிருந்த பொன் வளையலைக் கழற்றினாள். “இது எங்க அம்மாவோடது. அண்ணனைக் கேட்க வேண்டியதில்ல. இனிமே நீங்க பாப்பர் இல்ல. யார் கொடுத்தாலும் வாங்கலாம். சட்டத்துல தடையில்ல.”

அந்தோணியம்மாள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். வளையலைப் பார்க்கவில்லை; அவளைப் பார்த்தாள்.

“உங்கூட்டுல உன்னாண்ட பேச ஆளே இல்லியா?”

கடற்காற்று சுலோச்சனாவின் புடைவைத் தலைப்பை இழுத்தது. அதைப் பிடித்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

“கேஸுக்காவ வந்தவ நான். நீ எனக்காவ மனு எய்தின, நல்லா எய்தின. அதோட சரி. உங்க அம்மா வளையல வித்து நான் வூடு வாங்கினா, அப்பால ஞாயித்துக்கிழம வந்து குந்தும்போது கடங்காரியாத்தான் குந்துவேன். அதுக்கு இந்தக் கொட்டாயே மேலு. கைல போட்டுக்கோ. போட்டுக்கோன்றேன்ல?”

அவள் சொல்லியபடியே சுலோச்சனா வளையலைப் போட்டுக்கொண்டாள். இருட்டுவதற்குள் போய்விடும்படி சொல்லி, அந்தோணியம்மாள் அவளைத் தெருமுனைவரை கொண்டுவந்துவிட்டாள். சவரிமுத்துவின் குழந்தைகளில் ஒன்று பின்னாலேயே ஓடிவந்து அந்தோணியம்மாளின் சேலையைப் பிடித்துக்கொண்டது. “போடா, உங்கப்பன் பாத்தா உன்னியும் கொட்டாயில போட்ருவான்,” என்று அதட்டியபடி, அவள் அதை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். சுலோச்சனா கச்சேரி ரோடு வழியாகத் தனியே மயிலாப்பூருக்கு நடந்தாள்.

குறித்த தேதிக்குள் கட்டணம் செலுத்தப்படவில்லை. 1935-ஆம் ஆண்டு ஜனவரி பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, அந்தோணியம்மாளின் மனு தள்ளுபடி செய்யப்பட்டது. வீடு முழுவதும் சவரிமுத்துவின் அனுபோகத்திலேயே இருந்தது. ஈஸ்டர் கழிந்ததும் அந்தோணியம்மாள் கோவளத்தில் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். லூர்துசாமியின் வருஷப் பூசைக்கு வந்தவள் அன்று மாலையே திரும்பினாள். ரகுபதியின் பிரேரணையின்பேரில் சங்கம் ஒரு தீர்மானம் செய்தது: மனுவில் எதையும் வழக்கம் என்று எழுதுவதற்குமுன், அவ்வழக்கத்தின் காலத்தையும் முறையையும் மனுதாரரிடம் கேட்டறிய வேண்டும், மனுவைப் படித்துப் பார்க்காமல் எந்த வக்கீலும் கையெழுத்திடலாகாது. தீர்மானத்தைப் படியெடுத்து அறைச் சுவரில் ஒட்டும் வேலை சுலோச்சனாவுக்கு ஒப்படைக்கப்பட்டது. வேறு மாணவர் எவரும் வராத காரணத்தால், ஞாயிற்றுக்கிழமைதோறும் அறையைத் திறக்கும் பொறுப்பும் அவளிடமே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.